காட்டுவதற்கென்று ஒரு பணம்

1

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, கோட்டைக் கழற்றி மாட்டுவதற்குள் போன் அடித்தது. கரோல் பாகிலிருந்து பிலோமினா. என்னோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவள். ரிடையர் ஆகி வீட்டில் இருக்கிறாள். மகன் போர்ச்சுகலில் இருக்கிறான். போய் அவனோடு இருந்துவிடலாமா என்று இப்போது அவளுக்கும் ஒரு யோசனை.

"ஏன்டி ஸ்டெல்லா, விசாவுக்கு பேங்க்ல எவ்வளவு காட்டணும்?"

எனக்குத் தெரிந்த பிரான்ஸ் கணக்கைச் சொன்னேன். இந்த நாட்டில் ஒரு சாதாரணத் தொழிலாளி ஒரு வருஷம் வாங்கும் கூலியாவது ஒரு ஆளுக்கு இருக்க வேண்டும், இரண்டு பேர் என்றால் இரண்டு பங்கு.

"அடேங்கப்பா! நீங்க எப்பிடிடி காட்டுனீங்க? உங்க ரெண்டு பேருக்கும் பெரிசா பென்ஷன்கூடக் கிடையாதே?"

"சேத்து வச்சிருந்தோம்" என்றேன்.

"கெட்டிக்காரி!" என்று சிரித்தாள். மனசாரத்தான் சொன்னாள். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

டெல்லியில் நம் பங்குக் கோயிலின் தமிழ் மலருக்கு, "அங்கே வாழ்க்கை எப்படி இருக்கிறது, எழுதி அனுப்புங்கள்" என்று கேட்டு ரொம்ப நாளாகிறது. குளிர், ரொட்டி, குப்பை இல்லாத ரோடு என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பியிருக்கலாம். எழுதவும் ஆரம்பித்தேன். பிலோமினாவிடம் அப்படிச் சொன்ன பிறகு அது ஓடவில்லை. அதனால் நாங்கள் இங்கே எந்தப் பணத்தைக் காட்டி வந்தோம் என்பதையே எழுதுகிறேன்.

2

நாங்கள் திண்டுக்கல் பக்கம். நர்ஸிங் முடித்த கையோடு டெல்லிக்கு வந்தவள் நான். என் வீட்டுக்காரர் சூசைமாணிக்கம் கரோல் பாகில் ஒரு கார் உதிரிபாகக் கடையில் கணக்கெழுதினார். கல்யாணமான புதிதில் கோல் மார்க்கெட்டில், ஒரு அரசாங்க குவார்ட்டர்ஸின் பின்னறையில் உள்வாடகைக்கு இருந்தோம். பிறகு கரோல் பாகில் இரண்டாவது மாடி. தண்ணீர் வரும் நேரத்துக்கு என் டியூட்டியை மாற்றிக்கொண்டு வாழ்ந்த வீடு அது.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவள் ரெஜினா, நாங்கள் கூப்பிடுவது ரெஜி. அவளை இங்கிலீஷ் கான்வென்ட்டில் போட்டோம். இளையவன் ஆல்வினைச் சேர்க்கும்போது கையில் காசு இல்லை. மந்திர் மார்க்கில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தோம். அதனால் அவன் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்தவனாக வளர்ந்தான். ரெஜிக்குத் தமிழ் வாயோடு சரி, அதிலும் பாதி இந்தி. நான் எழுதுகிற இதை அவளால் படிக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்பதையும் வெட்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

ரெஜி பிரான்ஸுக்குப் படிக்கப் போனாள். எங்கள் சேமிப்பெல்லாம் அந்தப் படிப்புக்குப் போயிற்று. அவளுக்கு நாந்த் என்கிற ஊரில், ஒரு ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. கல்யாணமும் ஆயிற்று, மீரா பிறந்தாள். மீரா நடக்க ஆரம்பித்த சமயத்தில் ரெஜியின் கணவர் பிரிந்து போய்விட்டார். அதைக்கூட எங்களிடம் பல மாதம் கழித்துத்தான் சொன்னாள். சொன்ன அன்று அழவில்லை. அழுதது வேறொரு நாள்.

"அம்மா, காலைல அஞ்சு மணிக்கு டியூட்டி. பிள்ளைய யார்கிட்ட விடுறதுன்னே தெரியல. என்னால முடியலம்மா. நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துருங்களேன், ப்ளீஸ்."

வந்துவிடுகிறோம் என்று உடனே சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகுதான் சட்டம் தெரிந்தது. இரண்டு பெற்றோரையும் வைத்துக் காப்பாற்றும் அளவுக்கு அவள் சம்பளம் போதாது. ஆகவே நாங்கள் அவளை நம்பி வரவில்லை, எங்கள் காசில்தான் சாப்பிடுவோம், அங்கே எந்த வேலையும் பார்க்க மாட்டோம் என்று நிரூபித்தால்தான் நீண்ட நாள் தங்கும் விசா.

கரோல் பாகில் விசா வேலை பார்த்துக் கொடுக்கும் ஏஜெண்ட் ஒருவர் இருந்தார், சோப்ராஜி. எங்கள் பேங்க் பாஸ்புக்கை இரண்டு புரட்டுப் புரட்டிவிட்டு மேசைமேல் வைத்தார்.

"ஆன்ட்டிஜி, இதை வச்சு எலெக்ட்ரிக் பில்தான் கட்டலாம்" என்றார் இந்தியில். பிறகு குரலைத் தாழ்த்தி, "டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க. நமக்குத் தெரிஞ்ச பார்ட்டி இருக்கு. உங்க அக்கவுண்ட்ல மூணு மாசம் பணத்தைப் போட்டு வைப்பாங்க. விசா வந்ததும் எடுத்துக்குவாங்க. வட்டி மட்டும் நீங்க கொடுத்தாப் போதும்" என்றார்.

என் வீட்டுக்காரர் எழுந்துவிட்டார். படியில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"அடுத்தவன் காசை என் காசுன்னு காட்டணுமா?"

ரோட்டைக் கடந்து, மெட்ரோ தூணுக்கடியில் நின்று, ரிக்‌ஷாக்கள் போகிறதைப் பார்த்துக்கொண்டே, "அது இருக்கே" என்றார்.

அது என்றால் எது என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது.

பல வருஷத்துக்கு முன்னால் நடந்தது. அப்போது ஆல்வின் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. குர்கானில் ஆபீஸ். பைக்கில் போய் வருவான். ஒரு நாள் சாயங்காலம் திரும்பி வரும்போது, பின்னாலிருந்து ஒரு தண்ணீர் டேங்கர் இடித்தது. எனக்குச் செய்தி வந்தபோது வார்டில் ஒரு நோயாளிக்கு டிரிப் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஊசியை ஒழுங்காகக் குத்தி, பிளாஸ்டர் ஒட்டி, சொட்டு விழுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனேன். கை தன்பாட்டுக்கு அதைச் செய்தது. பிலோமினாதான் என்னைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள்.

ரெஜியால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. அவளுடைய குடியிருப்பு அட்டை அந்தச் சமயம் புதுப்பிப்பில் இருந்தது. வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். தம்பியைக் குழிக்குள் இறக்குவதைப் போனில்தான் பார்த்தாள்.

விபத்து வழக்கு வருஷக்கணக்கில் நடந்தது. கடைசியில் இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கட்டியது. இவர் அதை வாங்கி அப்படியே ஒரு எஃப்.டி.யில் போட்டார். முதிர்ந்ததும் மறுபடி போட்டார். நாங்கள் அதிலிருந்து ஒரு பைசா எடுத்ததில்லை. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கெட்டுப்போய் ஒரு கோடைகாலம் முழுக்க மண்பானைத் தண்ணீர் குடித்தபோதும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

3

இங்கே எங்கள் நாள் எப்படிப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

விடியும் முன்னே ரெஜி கிளம்பிவிடுவாள். மீராவை எழுப்பி, பால் கொடுத்து, பள்ளிக்கூடத்தில் விடுவது நான். இவர் நகராட்சி நடத்துகிற இலவச பிரெஞ்சு வகுப்புக்குப் போகிறார். ஆப்பிரிக்கப் பிள்ளைகள், ஆப்கன் பையன்கள் நடுவில் நரைத்த தலையோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறார். வீட்டிலும் முணுமுணுத்துச் சொல்லிப் பார்த்துக்கொள்வார். ஆனால் வெளியில் ஒரு வார்த்தை பேச மாட்டார். தப்பாகிவிடுமோ என்று கூச்சம்.

மீரா என்னை "மாமி" என்று கூப்பிடுகிறாள். பிரெஞ்சில் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்களாம். திண்டுக்கல் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, பிரான்ஸுக்கு வந்து மாமியானேன். தாத்தாவுக்கு அவர்கள் சொல்வது "பாப்பி". டெல்லியில் இத்தனை வருஷம் இருந்த காதுக்கு அது இந்திப் பாப்பியாகத்தான் கேட்கும். இந்தியில் அந்தச் சொல்லுக்குப் பாவி என்று அர்த்தம். பள்ளிக்கூட வாசலில் பேத்தி "பாப்பி! பாப்பி!" என்று கத்திக்கொண்டு ஓடி வரும்போது இவர் முகம் ஒரு கணம் மாறும். பிறகு குனிந்து தூக்கிக்கொள்வார்.

நான் வேலை செய்யக்கூடாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். எதிர்வீட்டில் ஒரு வயதான அம்மா இருக்கிறார். அவர் கால் வீங்கியிருப்பதைப் பார்த்தால், அழுத்திப் பார்த்து, எத்தனை நாளாக இப்படி என்று கேட்க வேண்டும் போலிருக்கும். "போன்ஜூர்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறேன்.

போன குளிர்காலத்தில் மீராவுக்குப் புதுக் கோட்டு தேவைப்பட்டது. கடையில் ரெஜி விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி தொங்கவிட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். எங்கள் பெயரில், பேங்கில், அந்தக் கடையையே வாங்குகிற மாதிரி ஒரு தொகை. அதிலிருந்து குறைந்தால் அடுத்த வருஷம் அட்டை கிடைக்காது. அது செலவழிப்பதற்கான பணம் இல்லை, காட்டுவதற்கானது. இப்படி ஒரு காரணம் கிடைத்ததில் உள்ளூர எனக்கு ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதியோடு பேத்தியின் பழைய கோட்டின் கையைப் பிரித்து நீளமாக்கித் தைத்துக் கொடுத்தேன்.

4

வழக்கு நடந்தபோது வக்கீல் எங்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னார். பையன் சம்பாத்தியத்தை நம்பித்தான் நீங்கள் இருந்தீர்கள் என்பது தெரிய வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனி வக்கீல் அதைத்தான் உடைக்கப் பார்த்தார்.

"அம்மா வேலை பார்க்கிறார். அப்பா வேலை பார்க்கிறார். இவர்கள் எப்படிப் பையனை நம்பி இருந்திருக்க முடியும்?"

கூண்டில் நின்று, "அவன்தான் எங்களுக்கு எல்லாம்" என்றார் இவர். வக்கீல் விடவில்லை. "எல்லாம் என்றால்? மாதம் எவ்வளவு கொடுத்தான்?" இவர் தொகையைச் சொன்னார். கொடுத்தது உண்மைதான். ஒவ்வொரு மாதமும் சம்பளம் வந்ததும் என் கையில் கொண்டுவந்து கொடுப்பான். அவன் குளிக்கப் போனதும் அதில் கொஞ்சத்தை அவன் பர்ஸில் திரும்பச் செருகிவிடுவேன், பெட்ரோலுக்கு என்று. அவனுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பான். இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கல்யாணம் ஆகாத பையன் என்பதால், சம்பளத்தில் பாதி அவனுடைய சொந்தச் செலவு என்று கழித்தார்கள். மீதியை அவன் வயசுக்கு என்று ஒரு எண்ணை வைத்துப் பெருக்கினார்கள். உயிரோடிருந்தால் என்ன சாப்பிட்டிருப்பான், என்ன உடுத்தியிருப்பான் என்பதெல்லாம் அந்தப் பாதியில் அடங்கிவிட்டது. அதுதான் அந்தப் பணம்.

அன்றைக்கு அவன் இல்லாமல் எங்களால் பிழைக்க முடியாது என்று நிரூபித்து வாங்கினோம். இப்போது அதே பணத்தை வைத்து, யார் தயவும் இல்லாமல் எங்களால் பிழைக்க முடியும் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

எஃப்.டி.யை உடைத்து சேமிப்புக் கணக்கில் போட்டோம். உடனே சோப்ராஜி, "ஒரே நாளில் இவ்வளவு வந்திருக்கிறதே, சந்தேகப்படுவார்கள். எங்கிருந்து வந்தது என்று ஒரு கடிதம் வையுங்கள்" என்றார்.

இவர் கடைக்கணக்கு எழுதிய காலத்து இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதினார். எங்கள் மகன் விபத்தில் இறந்ததன் பேரில் கிடைத்த நஷ்டஈடு என்று இருந்தது. போட்டோ எடுத்து ரெஜிக்கு அனுப்பினோம். அவள் உடனே கூப்பிட்டாள்.

"அப்பா, இது வேணாம். இதையெல்லாம் எதுக்கு அவங்ககிட்ட சொல்லணும்? இன்ஹெரிட்டன்ஸ்னு போடுங்க, போதும்."

"அப்படின்னா என்ன?" என்று நான் கேட்டேன்.

"வாரிசா வந்த சொத்து" என்றார் இவர். பிறகு போனைப் பார்த்து, "ரெஜி, பிள்ளைக்கு அப்பன் வாரிசாம்மா? அப்பனுக்குத்தான பிள்ளை வாரிசு?" என்றார்.

"அப்பா, லீகலா அந்த வேர்டு கரெக்ட்தான்."

"இருக்கட்டும். என் கையால எழுத மாட்டேன்."

"அப்ப உங்க இஷ்டம். ரிஜெக்ட் ஆனா என்னைக் கேக்காதீங்க." குரல் உடைந்தது. "எனக்காகத்தான அதை எடுக்கிறீங்க. அது எனக்குத் தெரியாதா? அவன் இறந்தான்னு எழுதியிருக்கிறதைப் பார்க்க முடியலப்பா."

போனை வைத்துவிட்டாள். இவர் ஒரு புதுத்தாளை எடுத்தார். கடைசியில் "நஷ்டஈடு" என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, எதற்கு, யாருக்கு என்பதை எல்லாம் விட்டு எழுதினார். அப்படி எழுதினால் யாருக்கும் வலிக்காது என்று மூன்று பேரும் நினைத்தோம்.

5

விசா மையம் கன்னாட் பிளேஸ் பக்கத்தில் ஒரு பெரிய கட்டடத்தில் இருந்தது. வாசலில் போனை அணைக்கச் சொன்னார்கள். தண்ணீர் பாட்டிலை வெளியே வைக்கச் சொன்னார்கள். உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி வரிசை வரிசையாக நாற்காலி. படிக்கப் போகும் பிள்ளைகள், தேனிலவுக்குப் போகிறவர்கள், எல்லார் மடியிலும் ஒரு ஃபைல். நாங்கள் இருவரும் பூசைக்குப் போடுகிற நல்ல துணியில் போயிருந்தோம்.

எங்கள் நம்பர் வந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண். ரெஜியைவிடச் சின்னவள். குரல் மைக்கில் வரும், பின்வரிசை வரைக்கும் கேட்கும். தாள்களை வேகமாகப் புரட்டியவள் பேங்க் தாளில் நின்றாள்.

"ஸார், யே இத்னா படா அமௌண்ட் ஏக் ஸாத் கஹான் ஸே ஆயா?" இவ்வளவு பெரிய தொகை ஒரேயடியாக எங்கிருந்து வந்தது?

"சேவிங்ஸ்" என்றார் இவர்.

"ஆனால் லெட்டரில் நஷ்டஈடு என்று போட்டிருக்கிறீர்களே. எதற்கான நஷ்டஈடு?"

இவர் என் பக்கம் திரும்பினார். பின்னால் வரிசை நகராமல் நின்றது. நான் கண்ணாடியிடம் குனிந்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் இந்தி பேசி நோயாளிகளைச் சமாளித்தவள் நான். அந்த நேரத்தில் ஒரு முழு வாக்கியம் அமையவில்லை.

"மேரே பேட்டே கா ஹை" என்றேன். என் மகனுடையது.

அவள் முகம் தெளிந்துவிட்டது. "அச்சா! மகன் கொடுத்த பணமா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே, மேம். அப்படியென்றால் மகன்தான் ஸ்பான்ஸர். அவருடைய பாஸ்போர்ட் நகல், சம்பளச் சீட்டு, உங்களைப் பார்த்துக்கொள்வதாக அவர் கையெழுத்துப் போட்ட ஒரு கடிதம், மூன்றும் வேண்டும். மகன் எங்கே வேலை பார்க்கிறார்?"

மைக்கில் கேட்டாள். எல்லாருக்கும் கேட்டது. பக்கத்துக் கௌண்டரில் நின்ற ஒரு பஞ்சாபி அம்மா என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார், கொடுத்துவைத்தவள் என்பது போல. நானும் பதிலுக்குச் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

இவர் பையைத் திறந்தார். அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், கோர்ட் தீர்ப்பும் இறப்புச் சான்றிதழும் இருந்தன. கொண்டுவருவதாக என்னிடம்கூடச் சொல்லவில்லை. இரண்டையும் கண்ணாடியின் கீழ்ச் சந்து வழியாக உள்ளே தள்ளினார்.

அந்தப் பெண் படித்தாள். மைக்கை அணைத்தாள். "ஸாரி அங்கிள்" என்று உதடு சொன்னது தெரிந்தது. பிறகு, அவளுக்கும் வேறு வழியில்லை, மைக்கைப் போடாமலே சந்துப் பக்கம் குனிந்து, "அங்கிள், இதற்கு ஒரு ஜெராக்ஸ் வைக்க வேண்டும். அந்த மூலையில் எடுத்துத் தருவார்கள்" என்றாள்.

ஜெராக்ஸ் மேசையில் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிறவர்கள் கூட்டம். இவர் வரிசையில் நின்றார். முறை வந்ததும் அந்த ஆள் தாளைப் பார்க்காமலே ஏதோ கேட்டான். இவர் திரும்பி, அவ்வளவு பேருக்கு நடுவே, என்னிடம் தமிழில் கேட்டார்:

"ஸ்டெல்லா, கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டா?"

6

விசா கிடைத்துவிட்டது.

கூரியர் உறையைக் கத்தரியால் வெட்டி, பாஸ்போர்ட்டைத் திறந்து, ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் நான் கத்திவிட்டேன். ரெஜியைக் கூப்பிட்டோம். அந்தப் பக்கம் அவள் குதிப்பது கேட்டது. மீரா எதற்கென்று தெரியாமலே "ப்ராவோ, ப்ராவோ" என்றாள். நான் சிரித்தேன். வாய்விட்டு, வயிறு குலுங்கச் சிரித்தேன். வருஷக்கணக்கில் நான் அப்படிச் சிரித்ததில்லை.

அந்த வேகத்திலேயே கீழே இறங்கிப் போய் அரைக் கிலோ குலாப் ஜாமுன் வாங்கினேன். கடைக்காரர் எங்களை ரொம்ப வருஷமாகத் தெரிந்தவர். "என்ன நல்ல செய்தி?" என்று கேட்டார். வெளிநாடு போகிறோம் என்றேன். "மகனா கூப்பிட்டிருக்கிறான்?" என்றார். "இல்லை, மகள்" என்றேன். அவருக்கு ஆல்வினைத் தெரியும். சின்ன வயசில் அங்கே ஜிலேபி சாப்பிட்டு வளர்ந்தவன். கேட்டுவிட்ட பிறகுதான் அவருக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். தராசில் இன்னும் இரண்டு ஜாமுனை வைத்தார், காசு வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து கிண்ணத்தில் போட்டுக் கொடுத்தேன். இவர் ஒன்றை ஸ்பூனில் எடுத்து வாய்வரை கொண்டுபோய், திரும்பக் கிண்ணத்தில் வைத்தார்.

"சாப்பிடுங்க. நல்ல காரியம்தான?" என்றேன்.

"நல்ல காரியம்தான்" என்றார். கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய்த் துணி மடிக்க ஆரம்பித்தார். அவருடைய பங்கையும் நானே சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது.

7

இந்த வருஷம் அட்டையைப் புதுப்பிக்க எங்களை நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு வருஷமும் பணம் குறையாமல் இருக்கிறதா என்று கேட்பார்கள், ரெஜி கம்ப்யூட்டரில் ஏற்றி அனுப்பிவிடுவாள். இந்தத் தடவை கைரேகையும் சில கேள்விகளும் என்று செவ்வாய்க்கிழமைக்கு அழைப்பு. ரெஜி லீவு போட்டுவிட்டு மொழிபெயர்க்க வந்தாள்.

அலுவலக அம்மாவுக்கு என் வயசு இருக்கும். கழுத்தில் சங்கிலி போட்டுக் கண்ணாடி மாட்டியிருந்தார். மரியாதையாகப் பேசினார். மைக் இல்லை, கண்ணாடித் தடுப்பு இல்லை, ஒரு சாதாரண மேசை. வீட்டு விலாசம், மருத்துவக் காப்பீடு, பேங்க் தாள் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ரெஜி கேள்வியை எங்களிடம் தமிழில் சொல்வாள், நாங்கள் சொல்வதை பிரெஞ்சில் சொல்வாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அவர் ஸ்க்ரீனைப் பார்த்தபடியே ஒரு கேள்வி கேட்டார். ரெஜி மொழிபெயர்க்கவில்லை. என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மேசையைப் பார்த்தாள்.

எனக்குக் கேள்வி புரிந்துவிட்டது. மீராவின் பள்ளிக்கூட வாசலில் தினமும் கேட்கிற சொல்தான். பிள்ளைகள். இந்தியாவில் வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா?

மகள் திணறுகிறாளே என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது மட்டும் இல்லை. எனக்குப் புரிந்துவிட்டது, எனக்குப் பதில் தெரியும், அதை அவர்கள் மொழியிலேயே சொல்ல முடியும் என்று ஒரு சின்னப் பெருமை உள்ளே எழுந்தது. தமிழில் கேட்கும்வரை காத்திருக்காமல், பரீட்சையில் கை தூக்கும் பிள்ளை மாதிரி, சட்டென்று "நோன்" என்றேன்.

இல்லை.

அந்த அம்மா தலையை ஆட்டி, தட்டச்சு செய்யக் கை வைத்தார்.

"சீ!"

சொன்னது என் வீட்டுக்காரர். அறையில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார். இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படி ஒரு வார்த்தை சொன்னதே கிடையாது. சாம்பாரில் உப்புக் கூடியதற்குக்கூட முகம் சுளிக்காதவர். என் முகமெல்லாம் சுட்டது. அந்நிய ஆபீஸில், மகள் முன்னால், பெற்ற பிள்ளையை இல்லை என்று சொன்னவளுக்கு அது தகும் என்று தோன்றியது. தலை குனிந்து மேசை விளிம்பைப் பார்த்தேன்.

இவர் நிறுத்தவில்லை. ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். வீட்டுக்கு வெளியே ஒரு வார்த்தை பேசாத மனிதர், வகுப்பில் கற்ற சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"அன் ஃபீஸ்." ஒரு மகன்.

"மோர்." இறந்துவிட்டான்.

பிறகு பேங்க் தாளை எடுத்து, அந்தத் தொகையின் மேல் விரலை வைத்து, "லார்ஜான்… லுயி" என்றார். பணம், அவன்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். இவரிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அதையும் ரெஜி எங்களுக்குச் சொல்லவில்லை. அவளே பேச ஆரம்பித்தாள். நிறையப் பேசினாள். கேட்ட கேள்விக்கு அவ்வளவு பதில் தேவையில்லை என்று எனக்கே தெரிந்தது. அவள் பேச்சில் எனக்குப் புரிந்தது ஒரே சொல், ஆல்வின். அடக்கம் முடிந்த நாளிலிருந்து அவள் வாயால் அந்தப் பெயரை நான் கேட்டதில்லை. முதல் தடவையாகக் கேட்டேன், பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது போல, கடைசி எழுத்து மூக்கில் போய் முடிய.

கைரேகை எடுத்தார்கள். தற்காலிகச் சீட்டு கொடுத்தார்கள். அட்டை பிறகு வரும் என்றார்கள்.

டிராமில் இவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். நானும் ரெஜியும் எதிரில். ரெஜி மூக்கைத் துடைத்துக்கொண்டு, "ஃபார்ம்ல உயிரோட இருக்கிறவங்களைத்தான் போட முடியுமாம், அம்மா. பூஜ்யம்னுதான் போட்டாங்க. ஆனா அவன் பேரைக் கேட்டாங்க. எப்படி எழுதுறதுன்னும் கேட்டாங்க" என்றாள்.

எனக்கு அதைவிட வேறொன்றைக் கேட்க வேண்டியிருந்தது. இவருக்குக் கேட்காதபடி அவள் காதில் கேட்டேன்.

"அப்பா எதுக்கும்மா என்னை அத்தனை பேர் முன்னால சீன்னு சொன்னாரு?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் அழுதுகொண்டே சிரித்தாள். "ஐயோ அம்மா! அது உங்களைத் திட்டினது இல்ல. ஃப்ரெஞ்ச்ல அப்படி ஒரு வார்த்தை இருக்கு. யாராவது 'இல்ல'ன்னு சொல்லிட்டா, 'அப்படி இல்ல, உண்டு'ன்னு மறுத்துச் சொல்றதுக்குன்னே ஒரு வார்த்தை. அப்பா கரெக்டா யூஸ் பண்ணியிருக்காரு."

இவர் எங்கள் பக்கம் திரும்பவில்லை. ஆற்றுப் பாலம் வந்தது, போனது.

உண்டு என்றுதான் சொல்லியிருக்கிறார். புரிந்துவிட்டது. மகள் இரண்டு தடவை விளக்கினாள். ஆனாலும் பாத்திரம் தேய்க்கும்போதும், மீராவுக்குத் தலை சீவும்போதும் என் காதில் அது தமிழாகத்தான் விழுகிறது.